அம்மம்மாவுக்கு ஒரு கல்வெட்டு: முப்பத்தொரு நாளுக்குள் ஒரு வாழ்க்கையை எழுத நேர்பவர்களுக்கு

எங்கள் பகுதியில் ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் வீட்டுக் கிருத்தியமும் முடிந்து மதிய போசனத்துக்கு வந்திருப்பவர்களின் கையில் ஒரு சிறு புத்தகத்தைக் கொடுப்பது வழக்கம். கல்வெட்டு என்றும் நினைவு மலர் என்றும் அதைச் சொல்வோம். அட்டையில் இறந்தவரின் படம், உள்ளே இறந்த திதியைச் சொல்லும் திதி வெண்பா, பஞ்சபுராணம், சிவபுராணம், கந்தசஷ்டி கவசம், அதன்பின் வாழ்க்கை வரலாறு, வம்சாவழி, கடைசிப் பக்கத்தில் நன்றி நவிலல் என்று அதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. தேவாரப் பக்கங்களை அச்சகத்தார் தயாராகவே வைத்திருப்பார்கள். வாழ்க்கை வரலாற்றை மட்டும் வீட்டார்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். 2022ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டானில் என் அம்மம்மா காலமானபோது அந்தப் பொறுப்பு முழுவதும் என் தலையில் விடிந்தது. அம்மா இரத்தச் சுத்திகரிப்புக்குப் போய்வருகிற நோயாளி. மாமாமாரும் சின்னம்மாவும் கனடாவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். பணம் அனுப்புவதில் அவர்கள் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் எழுதுவதைப் பற்றிப் பேச்செடுத்தால், "நீதானே அவவோடை இருந்தனி, உனக்குத் தெரியாததே எங்களுக்குத் தெரியப்போகுது" என்று எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்திருந்தது ஒரு கிழவியின் கடைசிக் காலம். அதற்கு முந்திய ஐம்பது ஆண்டுகளை, பெட்டியும் படமும் பத்திரமும் வழியெங்கும் தொலைந்துபோன ஒரு குடும்பத்தில் எங்கே தேடுவது என்று எனக்குச் சொல்ல ஒருவருமில்லை. அடுத்தவருக்காவது இது உதவட்டும் என்றுதான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதல் இடி, உடல் வீட்டில் இருக்கும்போதே விழுந்தது. வெளிநாட்டிலுள்ள உறவினர் ஒருவர் நல்லெண்ணத்தோடு மரண அறிவித்தலைத் தாமே எழுதி இணையத்தில் போடுவித்துவிட்டார். அதில், 2009ஆம் ஆண்டு முள்ளிவாய்க்காலில் காணாமற்போன என் சின்ன மாமாவின் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று இருந்தது. அதைப் பார்த்தவுடன் எனக்கு வந்த ஆத்திரத்தை இப்போதும் சொல்லத் தெரியவில்லை. காணாமற்போனோருக்கு மரணச் சான்றிதழ் பெறுவதற்கு 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் வழி செய்தபோது, எத்தனையோ பேர் எடுத்துச் சொல்லியும் கையெழுத்து வைக்க மறுத்தவர் அம்மம்மா. 2017 மார்ச் 8ஆம் திகதி முல்லைத்தீவில் உறவுகள் தொடங்கிய தொடர் போராட்டத்துக்கு முழங்கால் நோவோடு பஸ் ஏறிப் போனவர். "அவன் இருக்கிறான் எண்டு நான் அடிச்சுச் சொல்லேல்லை மோனை; செத்துப்போனான் எண்டு என்ர கையாலை எழுதித் தரமாட்டன், அவ்வளவுதான்" என்பார். அப்படிப்பட்டவரின் மரண அறிவித்தலிலேயே அந்தச் சொல் வந்துவிட்டது. திருத்தம் போடுவதற்கு மறுபடியும் காசு கட்ட வேண்டியிருந்தது. அதற்குள் அந்த அறிவித்தல் குடும்பக் குழுக்கள் எல்லாவற்றிலும் சுற்றி முடிந்திருந்தது. ஆகவே, இழவு விழுந்த முதல் இரவே, யார் சொன்னால் அறிவித்தல் வெளியே போகலாம் என்று ஒருவரைக் குறித்துவிடுங்கள். பிள்ளைகள், மருமக்கள், சகோதரங்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் என்ன வர வேண்டும், என்ன வரக்கூடாது என்பதை இன்னும் ஒருவருக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டிய பின்னரே கொடுங்கள். கல்வெட்டில் மாமாவின் பெயரை எந்த அடைமொழியும் இல்லாமல், அவர் பிறந்த வரிசையில், மற்றப் பிள்ளைகளோடு வைத்தேன். அதை ஒருவரும் கேள்வி கேட்கவில்லை.

மரணத்தைப் பதிவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் நடந்த மரணமாகையால் கிராம சேவையாளரின் அறிக்கையோடு பதிவாளரிடம் போக வேண்டியிருந்தது. ஐந்து நாள்களுக்குள் பதிந்துவிடுவது நல்லது. சிக்கல் எழுந்தது வயதில்தான். அம்மம்மாவின் அடையாள அட்டை இலக்கம் 37637 என்று தொடங்கியது. பழைய அட்டைகளில் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டைக் குறிக்கும். அடுத்த மூன்று இலக்கங்கள் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதைக் குறிக்கும். பெண்களுக்கு அதனோடு 500 கூட்டப்பட்டிருக்கும். 637இல் 500 போக 137. எந்த ஆண்டானாலும் பெப்ரவரிக்கு 29 நாள் என்று வைத்தே எண்ண வேண்டும் என்பதால், 137ஆவது நாள் மே 16. அட்டை தொலைந்து இலக்கம் மட்டும் எங்காவது எழுதியிருந்தாலும் இப்படிப் பிறந்த நாளைக் கண்டுபிடிக்கலாம். ஆனால் அது அட்டை சொல்லுகிற நாள் மட்டுமே. தேசிய அடையாள அட்டை வழங்கத் தொடங்கிய 1972இல், பிறப்பே பதியப்படாத கிராமத்துப் பெண்கள் பலருக்கு வயது ஓர் உத்தேசத்தில் எழுதப்பட்டது.

முள்ளியவளையில் இருக்கும் சின்னம்மம்மா, அதாவது அம்மம்மாவின் தங்கை, அந்தத் திகதியைக் கேட்டுச் சிரித்தார். "அக்கா யுவ வருசம் வைகாசி. ஈசுர வருசம் பிறந்தது நான். அவ என்ர பிறந்த நாளைக் கொண்டு போட்டாவோ?" என்றார். யுவ 1935, ஈஸ்வர 1937. எதை நம்புவதென்று தடுமாறியபோது கைகொடுத்தது பெரிய மாமாவின் பிறப்புச் சான்றிதழ். நமது பிறப்புச் சான்றிதழில் பிள்ளையின் விபரம் மட்டுமல்ல, தாயின் முழுப்பெயர், பிறந்த இடம், வயது, பெற்றோர் விவாகமானவர்களா என்பது, பாட்டனாரின் பெயர், அவர் பிறந்த ஆண்டு, இடம் என்பனவற்றுக்கும் கூடுகள் உண்டு. எல்லாச் சான்றிதழிலும் எல்லாக் கூடும் நிரப்பப்பட்டிருக்காது, ஆனாலும் பார்க்க வேண்டும். மாமா 1956 ஐப்பசியில் பிறந்தவர்; தாயின் வயது 21 என்று பதிந்திருந்தது. சின்னம்மம்மாவின் கணக்குச் சரியாகிவிட்டது. இறந்தவரின் பத்திரங்கள் ஒன்றும் இல்லையென்று கைவிரிக்கும் முன்னர், அவருடைய பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களை எடுத்து வைத்து ஒவ்வொரு கூடாக வாசியுங்கள். அம்மம்மாவின் தகப்பனாரின் முழுப்பெயர்கூட இன்னொரு பிள்ளையின் பதிவிலிருந்துதான் எனக்குக் கிடைத்தது. அதே வேளை, மரணச் சான்றிதழில் அடையாள அட்டையில் உள்ள திகதியையே போட்டேன். வங்கிப் புத்தகம், காணி அனுமதிப்பத்திரம், முதியோர் கொடுப்பனவு எல்லாம் அந்த அட்டையோடு ஒத்திருக்க வேண்டும். கல்வெட்டில் 1935 என்று எழுதி, அட்டையில் வேறாக இருப்பதையும் ஒரு வரியில் குறித்தேன். பெயரிலும் இதே கதைதான்: ஒரு பத்திரத்தில் அவர் பெயர் 'பிள்ளை' என்றும் இன்னொன்றில் 'அம்மா' என்றும் முடிந்தது. இரண்டையும் புத்தகத்தில் போட்டேன், நாளைக்கு யாராவது தேடும்போது இரண்டில் எதைக்கொண்டும் அவரைக் கண்டுபிடிக்கட்டும் என்று.

இனித்தான் உண்மையான வேலை தொடங்கியது. அது எரிபொருள் இல்லாத காலம். ஜூன் மாதக் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே பெற்றோல், டீசல் என்று அறிவித்துவிட்டார்கள், பாடசாலைகளும் மூடப்பட்டன. ஆசிரியையான எனக்கு அதனால் நேரம் கிடைத்தது, ஆனால் போவதற்கு வழியில்லை. பக்கத்து ஊர்களுக்குச் சைக்கிளிலும், தூரத்துக்கு எப்போது வருமென்று தெரியாத பஸ்ஸிலும் போனேன். போன இடமெல்லாம் முதலில் கேட்ட கேள்வி "எந்த ஆண்டு?" என்பது, எல்லா இடத்திலும் கிடைத்த பதில் "ஆருக்குப் பிள்ளை தெரியும்" என்பது. கேள்வியை மாற்றிய பின்னர்தான் வாய் திறந்தது. 64 மார்கழிப் புயலுக்கு முன்னோ பின்னோ? சிறிமாவோ காலத்தில் மிளகாய்க்கு விலை ஏறியபோது இந்த வீடு இருந்ததா? 77 கலவரத்தில் மலையகத்துச் சனங்கள் வந்து இறங்கியபோது அம்மப்பா உயிரோடு இருந்தாரா? 95இல் யாழ்ப்பாணத்துச் சனம் வந்தபோது எங்கள் வீட்டில் எத்தனை குடும்பம் இருந்தது? ஜயசிக்குறு இராணுவ நடவடிக்கைக்கு எந்தப் பக்கம் ஓடினீர்கள்? இப்படிக் கேட்டால் ஆண்டு தானாக வந்து விழும். பயிர் செய்தவர்களிடம் காலபோகமா சிறுபோகமா என்று கேட்டால் மாதமும் வந்துவிடும். முல்லைத்தீவுப் பக்கத்தில் இன்னொரு நாள்காட்டியும் உண்டு: வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலுக்கு முன்னோ, தீர்த்தம் எடுத்த பிறகோ என்று கேட்டால் எண்பது வயதுக்காரரும் பிசகாமல் சொல்வார்.

விறாந்தையில் ஆண்கள் கூடியிருக்கும்போது கேட்பதில் பயனில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே கிடைப்பவை எல்லாம் "நல்ல மனிசி, கடும் உழைப்பாளி" என்ற வகையான சொற்கள்தான். அவற்றை எவருடைய கல்வெட்டிலும் வைக்கலாம். அடுப்படியில் காய் நறுக்கிக்கொண்டிருக்கும் பெண்களிடம், ஒவ்வொருவராக, ஒரு பொருளைச் சுட்டிக் கேளுங்கள். அந்தச் செம்பு எப்படி வந்தது, அந்தக் காப்பை ஏன் விற்றா, உலக்கைக்குப் பூண் போட்டது யார் என்று கேட்டால் கதை நிற்காது. கைப்பேசியில் பதிவுசெய்வதற்கு முன்னர் சம்மதம் கேளுங்கள். பதிந்தவுடன் வீட்டுக்கு வந்து அதைக் கணினியிலும் இன்னொருவரிடமும் ஏற்றிவிடுங்கள். அம்மம்மா அனுப்பிய குரல் செய்திகள் அம்மாவின் பழைய கைப்பேசியில் நிறைய இருந்தன. கடைக்காரர் அதைத் திருத்தும்போது எல்லாவற்றையும் அழித்துக் கொடுத்தார். அது நெஞ்சில் இன்னும் ஆறவில்லை.

அப்படிச் சேர்ந்தவற்றிலிருந்து எனக்குத் தெரியாத ஒரு பெண் எழுந்து வந்தார். முள்ளியவளையில் காட்டா விநாயகர் கோயிலுக்குக் கிட்டப் பிறந்து, ஒட்டுசுட்டானுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, அறுபதுகளில் முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் கிடைத்த காணியைக் காடு வெட்டித் திருத்தியவர். அனுமதிப்பத்திரம் அம்மப்பாவின் பெயரில். 1979இல் அம்மப்பா பாம்பு கடித்து இறந்த பிறகு, விதைப்பிலிருந்து சூடடிப்பு வரை முழுவதும் அவர் கையில். அப்படியிருந்தும் எந்தப் பத்திரத்திலும் அவருடைய தொழில் 'வீட்டு வேலை' என்றே இருக்கிறது. நெல் விற்ற துண்டுகள்கூடப் பெரிய மாமாவின் பெயரில் எழுதப்பட்டிருந்தன. பத்திரங்களை மட்டும் நம்பி எழுதியிருந்தால், இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்று மூன்று வரியில் அவர் வாழ்க்கை முடிந்திருக்கும். பெண்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இதை முதலிலேயே எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். வேலையைப் பற்றிக் கேளுங்கள்: எத்தனை மணிக்கு எழும்புவா, யாரைக் கூலிக்குப் பிடிப்பா, கணக்கை எதில் எழுதுவா. அம்மம்மா கணக்கெழுதியது கதவு நிலையின் பின்பக்கத்தில், கரிக்கட்டியால். அந்தக் கதவும் இன்று இல்லை.

பாலைப்பழக் காலம் வந்தால் அவர் பாணி காய்ச்சிய விதத்தைச் சொல்ல மூன்று பெண்கள் போட்டி போட்டார்கள். பழத்தைப் பிழிந்து சாறெடுத்து, அகன்ற சட்டியில் மெல்லிய நெருப்பில் வைத்து, அகப்பையை ஒரு கணமும் நிறுத்தாமல் கிண்டுவாராம். பதம் பார்ப்பதற்கு ஒரு துளியைச் சிரட்டையிலுள்ள குளிர்தண்ணீரில் விடுவார். அது கரையாமல் அடியில் உருண்டு நின்றால் இறக்கலாம். பச்சையாகப் பழம் தின்று உதடு ஒட்டிக்கொண்டு நிற்கும் பேரப்பிள்ளைகளுக்குத் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்துவிடுவது எனக்கே நினைவிருக்கிறது. பொருளாதாரத் தடை இருந்த தொண்ணூறுகளில், ஜாம் போத்தலுக்குள் பஞ்சு அடைந்து அரைச் சிரங்கை மண்ணெண்ணெயில் இரவெல்லாம் எரிகிற விளக்கைச் செய்து, அயலில் சாதாரண தரப் பரீட்சை எடுத்த பிள்ளைகள் எல்லோருக்கும் ஆளுக்கொன்று கொடுத்தார் என்பதை ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் சொல்லித்தான் அறிந்தேன். கல்வெட்டில் வழமையாக வரும் புகழ்ச்சி வசனங்களை வெட்டிவிட்டு இந்த இரண்டையும் போட்டேன். "இதெல்லாம் கல்வெட்டிலை எழுதுகிற விசயமோ?" என்று பெரிய மாமா கனடாவிலிருந்து கேட்டார். புத்தகம் கைக்கு வந்த பிறகு வந்தவர்கள் வாசித்துப் பேசியது அந்தப் பக்கங்களைப் பற்றித்தான்.

படம் தேடியது தனித் துயரம். குடும்பத்தின் படங்களெல்லாம் ஒரு றங்குப்பெட்டியில் இருந்தன. ஜயசிக்குறுக் காலத்தில் ஒட்டுசுட்டானை விட்டு வெளிக்கிட்டபோதும் அது உழவு மெசினில் கூடவே போய்த் திரும்பி வந்தது. 2009இல் விசுவமடு, உடையார்கட்டு, தேவிபுரம் என்று ஒவ்வோரிடமாகப் பொருள்களை விட்டுவிட்டு நகர்ந்தபோது, இரணைப்பாலையில் பதுங்கு குழிக்குள் வைத்துவிட்டு வந்ததோடு அது முடிந்தது. செட்டிகுளம் முகாமுக்குள் அம்மம்மா போனபோது கையில் இருந்தது அடையாள அட்டையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களும் இருந்த ஒரு சொப்பிங் பை மட்டுமே. ஆகவே படங்களை வெளியே தேட வேண்டும். எண்பதுகளில் வெளிநாடு போனவர்களுக்கு இங்கிருந்து அனுப்பிய கலியாணப் படங்கள் அங்கே அல்பங்களில் பத்திரமாக இருக்கின்றன. ரொறன்ரோவில் ஒரு தூரத்து உறவினரின் அல்பத்தில், 1987இல் நடந்த ஒரு கலியாணத்தில், பந்தலின் ஓரத்தில் தாம்பாளத்தோடு நிற்கும் அம்மம்மா கிடைத்தார். அவர்கள் அதைக் கைப்பேசியில் சரித்துப் பிடித்து எடுத்து வாட்ஸ்அப்பில் படமாக அனுப்ப, அச்சகத்தில் பெரிதாக்கியதும் முகம் கலங்கிப்போயிற்று. படத்தை ஸ்கேன் செய்து, வாட்ஸ்அப்பில் ஆவணமாக அல்லது மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். ஒரு நாள் தாமதித்தாலும் பரவாயில்லை.

அச்சகத்தில் போன பணத்தைப் பற்றியும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளையே பிற்போட்ட ஆண்டு அது. முந்நூறு பிரதிகளுக்கு 1,26,000 ரூபா என்று பேசி 60,000 முற்பணம் கட்டினேன். எல்லாம் வாயால் பேசியது. எழுதி முடித்துக் கொண்டுபோனபோது தாள் விலை ஏறிவிட்டது என்று 1,65,000 கேட்டார்கள். முப்பத்தோராம் நாள் நெருங்கிவிட்டதால் வேறு இடம் தேட முடியாது என்பது அவர்களுக்கும் தெரியும். முற்பணம் கட்டும்போதே பக்க எண்ணிக்கை, பிரதி எண்ணிக்கை, எந்தத் தாள், அட்டைக்கு எந்தத் தாள், இந்த விலை எந்தத் திகதி வரை செல்லும் என்பதையெல்லாம் பற்றுச்சீட்டின் பின்புறத்திலாவது எழுதுவித்துக் கையெழுத்து வாங்குங்கள். பக்கங்கள் நான்கின் மடங்காக வர வேண்டும் என்பதால், இரண்டு பக்கம் கூடினாலும் நான்கு பக்கத்துக்குக் காசு போகும்.

எழுத்துருவும் ஒரு பொறி. நான் யூனிகோடில் தட்டச்சு செய்து கொடுத்தேன். அவர்கள் பாமினி என்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றினார்கள். மாற்றியதில் கொம்பும் காலும் இடம் மாறி, 'ஸ்ரீ' வந்த இடமெல்லாம் சதுரங்களாயின. அதைவிடப் பெரிய கேடு, பிழை திருத்துவதற்கான கடைசிச் சரவை பார்க்கத் தராமலே அச்சிட்டதில், வம்சாவழிப் பக்கத்திலிருந்து சின்னம்மம்மாவின் குடும்பக் கிளை முழுவதும் விழுந்துபோயிற்று. மின்வெட்டுக்குள் அவசரமாகச் செய்தோம் என்று சமாதானம் சொன்னார்கள். அந்த ஒரு தாளைத் திரும்ப அடித்துச் சேர்க்க இன்னுமொரு 12,000 கொடுத்தேன், இல்லாவிட்டால் கிருத்திய வீட்டிலேயே சண்டை வந்திருக்கும். எழுத்துரு மாற்றிய பிறகு வரும் சரவையைத் தாளில் எடுத்து, வம்சாவழியை அந்தந்தக் குடும்பத்தவரிடமே காட்டி, "சரி" என்று எழுதுவித்த பின்னர் அச்சுக்கு விடுங்கள்.

எல்லாவற்றையும் முப்பத்தொரு நாளுக்குள் முடிக்கத் தேவையில்லை என்பதை ஐயர் ஒருவர் மிகப் பிந்தித்தான் எனக்குச் சொன்னார். முப்பத்தோராம் நாளுக்குப் படம், திதி வெண்பா, தேவாரங்கள், சுருக்கமான வரலாறு கொண்ட பதினாறு பக்கம் போதும். விரிவானதை ஆண்டுத் திவசத்துக்கு வெளியிடலாம். நான் 2023இல் அப்படித்தான் செய்தேன். புதிதாகக் கிடைத்த படங்கள், பாணி காய்ச்சும் முறை, அவர் சூட்டுக்களத்தில் சொல்லும் வார்த்தைகள், மாமாவைத் தேடி அவர் கொடுத்த மனுக்களின் பிரதிகள் என்று அந்தப் புத்தகம் பெரிதாகியது. பிரதிகளில் சிலவற்றைப் பாடசாலை நூலகத்துக்கும் பிரதேச சபை நூலகத்துக்கும் கொடுத்தேன். நினைவு மலர்களையும் எண்ணிமப்படுத்திச் சேர்த்துவைக்கிற நூலகம் நிறுவனத்துக்கு ஒன்றைக் கொடுப்பதும் நல்லது. வீட்டு அலுமாரி இன்னொரு இடப்பெயர்வைத் தாங்குமா என்று எங்களில் எவராலும் சொல்ல முடியாது.

இப்போது விடுமுறை நாள்களில் சின்னம்மம்மாவிடம் போய்வருகிறேன். அக்காவின் புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை வாசிப்பித்துக் கேட்டவர், அதில் தான் சொல்லாத இரண்டு விடயங்களைத் தன்னுடையதில் கட்டாயம் போட வேண்டுமென்று சொல்லியிருக்கிறார். அட்டைப் படத்தை வேறு யாரும் தெரிவுசெய்யக்கூடாது என்றும், ஊதா நிறச் சேலையோடு தானே ஒன்று எடுப்பித்து வைக்கப்போவதாகவும் சொன்னார். போன தைப்பொங்கலுக்கு ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போய் எடுப்பித்துவிட்டோம். பிடிக்கவில்லையாம், மறுபடி எடுக்க வேண்டுமாம்.